கைக்கு அடக்கமாய் ஒரு துவக்கு

"இவர் ஒரு துவக்கு வாங்கப் போறார்" என்று பவளராணி சொன்னதும் கிருஷ்ணசாமியின் முகம் மலர்ந்தது.

"நல்ல துவக்கமா அமையட்டும்மா. என்ன பிசினஸ்?"

வதனி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். "அண்ணை, துவக்கு எண்டா உங்கட ஊர்த் துப்பாக்கி."

கிருஷ்ணசாமி மலர்ந்த முகத்தை அப்படியே மடித்து வைத்துக்கொண்டார். பொள்ளாச்சியில் பிறந்து, சிட்னியில் மென்பொருள் கம்பெனியில் பதினாறு வருடம் குப்பை கொட்டி, ஆள் குறைப்பில் வெளியே வந்தவர் அவர். வதனியின் கணக்கு வழக்கைப் பார்க்க இரண்டு வாரம் என்று வந்தவர், இரண்டு வருடமாகப் போகவேயில்லை. இப்போது விசிட்டிங் கார்டில் 'உதவித் துப்பறிவாளர்' என்று தானே அச்சடித்து வைத்திருந்தார்.

வதனி யாழ்ப்பாணத்துக்காரி. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய்க் காயம், பொய்த் தீ, பொய்த் திருட்டு எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள், அந்த மூக்கை நம்பியே சிட்னியின் பரமட்டாவில் ஒரு தையல் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூன் மாதம். கீழே தையல் மெசின் ஓடும்போதெல்லாம் மேலே மேசையில் தேத்தண்ணி நடுங்கும்.

பவளராணி தேத்தண்ணியைத் தொடவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதிரையில் கால் நிலத்தில் முட்டாத அளவுக்குக் குள்ளம். மடியிலிருந்த கைப்பையை யாரோ பறித்துக்கொண்டு ஓடப்போவதுபோல் பிடித்திருந்தாள்.

"கரப்பான் பூச்சியைக் கூடப் பேப்பரில ஏந்திக்கொண்டு போய் வெளியில விடுற மனுசன், பிள்ளை. இப்ப கராஜுக்குள்ள ஒளிச்சு நிண்டு போன் கதைக்கிறார். போன கிழமை கதவுக்கு இஞ்சால நிண்டு கேட்டனான். 'போல்ட் ஆக்‌ஷன், எண்ணூறு டொலருக்குள்ள நல்லது ஒண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்' எண்டு சொல்லுறார். கம்ப்யூட்டரைத் திறந்தா முழுக்கத் துவக்குப் படம்."

"கரப்பானுக்கு ரைஃபிள் கொஞ்சம் ஜாஸ்திதாங்க" என்றார் கிருஷ்ணசாமி.

பவளராணி சிரிக்கவில்லை. வதனி மறுபடியும் காலை மிதித்தாள்.

"அன்ரி, நீங்கள் அவரை நேர கேக்கேல்லையோ?"

"கேட்டு, அவர் ஓம் எண்டு சொல்லிப்போட்டா?"

தையல் மெசின் நின்றது. அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் மெல்லிய குரலில்தான். வென்ற்வேர்த்வில்லில் வீடு. கணவர் சிறீஸ்கந்தராசா, ஆறடி உயரம், ஒரு பல்பொருள் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். அவருடைய ஒரே தம்பி, சண்டை முடிந்த அந்த வருடம் வன்னியில் காணாமல் போனவன். அன்றோடு அவள் வீட்டுக்குள் துவக்கு என்ற சொல்லையே தடை செய்துவிட்டாள். தொலைக்காட்சியில் சுடும் காட்சி வந்தால்கூட அணைத்துவிடுவாள்.

"ரெண்டு வருசமா இந்த மனுசன் சிரிச்சு நான் காணேல்ல. இப்ப மூண்டு மாசமாத் திடீரெண்டு சந்தோசமாத் திரியிறார். பாட்டு முணுமுணுக்கிறார். அதுதான் பிள்ளை எனக்குக் கூடப் பயம். தன்னை ஏதும் செய்துபோடுவாரோ எண்டு."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு செம்மஞ்சள் நிறத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். காரின் பின் இருக்கைக்குக் கீழே கிடந்ததாம். நெற்றியில் ஒரு துப்பாக்கிக் கடையின் பெயரும் செயின்ட் மேரிஸ் விலாசமும் இருந்தன. கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் வகை.

வேறு தடயம் இல்லை. இந்தத் தொப்பி ஒன்றுதான்.

"அண்ணை, தொப்பியைப் போடுங்கோ" என்றாள் வதனி. "நீங்கள் இண்டைக்கு வேட்டைக்காரன்."

செயின்ட் மேரிஸ் கடைக்கு ஜன்னல் கிடையாது. மணி அடித்து, உள்ளேயிருப்பவர் முகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் இரும்புக் கதவு திறந்தது. கல்லாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க ரைஃபிள்கள், சங்கிலியில் கோத்து வரிசையாக நின்றன. கடைக்காரரின் பெயர் கிளென். வெள்ளைத் தாடி, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கிருஷ்ணசாமியின் தலையிலிருந்த தன் கடைத் தொப்பியைக் கண்டதும் புன்னகைத்தார். அந்தப் புன்னகை நான்கு கேள்விவரை தாங்கியது.

"என்ன பார்க்கிறீர்கள்?"

"ரைஃபிள்."

"எதைச் சுட?"

"பன்றி."

"எங்கே?"

"அது நிற்கிற இடத்தில்" என்றார் கிருஷ்ணசாமி ஆங்கிலத்தில், மிகுந்த தன்னம்பிக்கையோடு. பிறகு வதனியின் பக்கம் குனிந்து தமிழில், "மேடம், பொறந்ததுலருந்து நான் சைவம். பன்னிக்கும் எனக்கும் ஒரு முன்விரோதமும் கிடையாது" என்றார்.

கிளென் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரை அளந்தார். ஆனாலும் வியாபாரி அல்லவா. மூன்று ரைஃபிள்களை இறக்கி, மேலே பச்சைத் துணி விரித்த கல்லாவில் படுக்க வைத்தார். மூன்றும் ஒரே ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்திலிருக்கும் போல்ட் என்ற இரும்புப் பிடியைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும்.

"இது பார்க்க" என்று, தோளில் முட்டும் மரக்கட்டை மினுங்கிய முதலாவதைத் தொட்டார். "இது மச்சானிடம் காட்ட" என்று இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதில் கட்டை வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். மினுக்கம் எதுவும் இல்லை. "இது சுட."

"விலை?"

"மூன்றாவதின் விலைக்கு முதலாவதின் கட்டை மட்டும்தான் வரும். முன்பெல்லாம் மலிவு என்றால் குறி தவறும் என்று அர்த்தம். இப்போது மெசின்கள் குழலை அவ்வளவு துல்லியமாக வெட்டுகின்றன. மலிவானதும் அதே ஓட்டைக்குள்தான் போடும். எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், கட்டை உள்ளே வெற்றாக இருக்கும், போல்ட் இழுக்கும்போது கொஞ்சம் கரகரக்கும். அவ்வளவுதான். மிச்சக் காசை ஸ்கோப்பில், தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடியில் போடுங்கள்."

"சரி, இதையே கொடுங்க" என்றார் கிருஷ்ணசாமி, கடலை வாங்குவதுபோல்.

"முதலில் லைசென்ஸ். பிறகு பொலிஸின் அனுமதி. அதெல்லாம் இருந்தாலும் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்க வேண்டும். கண்ணைத் திறக்கும்போது பார்வை நேரே குழலின் மேலே போனால் அதுதான் உங்கள் ரைஃபிள். போகவில்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நட்டம்."

"சட்டை வாங்குற மாதிரி."

"சட்டை பொருந்தாவிட்டால் பன்றி கடிக்காது, நண்பரே."

கிருஷ்ணசாமியையே ஒருவர் மடக்கிவிட்டார் என்பதில் வதனிக்கு ஒரு சின்ன சந்தோசம். அதைக் காட்டாமல், "எங்கள் ஆள் ஒருவர்தான் உங்களைச் சொல்லி அனுப்பினார்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "நல்ல உயரம். இலங்கைக்காரர். நேர்மையான கடை என்று சொன்னார்."

கிளென் வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்கோப் வேண்டாத கனவான்."

"வேண்டாமாமா?"

"மூன்று சனிக்கிழமை வந்தார். இந்த வாசலில் குனிந்து நுழைகிற உயரம். ஆனால் இருப்பதிலேயே குட்டைக் கட்டை காட்டு என்கிறார், பதின்வயதுக்காரர்கள் பிடிக்கிற அளவு. போல்ட் இடப்பக்கம் இருக்க வேண்டுமாம். அப்படி வருவதே அபூர்வம், பழையதில் கிடைக்காது, மலிவானதில் ஒன்றிரண்டு ரகம்தான். அதற்கும் சரி என்றார். பிறகு, மாப்போல் பறக்கிற சிவப்புத் தூசி போல்ட்டுக்குள் போனால் இறுகுமா என்று கேட்டார். மனிதர் நல்லாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் கையில் கொடுத்தால் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குகிறார். இப்படி."

கிளென் கறுப்பு ரைஃபிளை எடுத்து, பயந்து பயந்து தன் வலத்தோளில் சாய்த்து, இடக்கண்ணை மூடிக் காட்டினார்.

"ஸ்கோப் ஏன் வேண்டாமாம்?"

"நானும் கேட்டேன். எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்று." கிளென் ரைஃபிளைத் திரும்ப வைத்தார். "கையை நீட்டிக் காட்டினார். இவ்வளவுதான் என்றார். ஒரு கை தூரம்."

கிருஷ்ணசாமி தொப்பியைக் கழற்றினார்.

காருக்குள் ஏறியதும் வதனி சாவியைப் போடாமல் இருந்தாள். காப்புறுதி வேலையில் எத்தனையோ பொய்ச் சாவுகளைப் பார்த்துவிட்டாள். தன் மேசைக்கு வந்த ஒரு உண்மைச் சாவைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டோமோ என்று நினைத்தாள்.

"அண்ணை, நேர வென்ற்வேர்த்வில். நாளைக்கெண்டு வைக்கேலாது. நான் நினைக்கிறது சரியெண்டா இண்டைக்கே அந்த மனுசனோட ஆராவது இருக்க வேணும்."

"இருங்க மேடம்" என்றார் கிருஷ்ணசாமி. பகிடி இல்லாத குரல். "அந்தக் கடைக்காரர் நடிச்சுக் காட்டினாரே, எந்தத் தோள்?"

வதனி அவரைப் பார்த்தாள். பிறகு தன் வலத்தோளைத் தொட்டாள்.

"இடப்பக்கப் போல்ட் கேக்கிறவர் வலத்தோளில வைக்கிறார்" என்றாள் மெல்ல.

"ஆறடி மனுஷன் குட்டைக் கட்டை கேக்குறார். சட்டை வேற யாருக்கோ மேடம்."

வதனி உடனே பவளராணியை அழைத்தாள். சிறீஸ்கந்தராசா எழுதுவது எந்தக் கையால்? வலக்கை. உறவில், கோயிலில், தெரிந்தவர்களில் இடக்கைக்காரர் யாராவது? பவளராணி யோசித்துப் பார்த்து, ஒருத்தரும் இல்லை என்றாள். இவர் இப்ப வேலைக்குப் போயிருக்கிறார், நீங்கள் வீட்டை வாங்கோ என்றாள்.

"அப்ப ஒரு குள்ளமான இடக்கைக்காரன்" என்றார் கிருஷ்ணசாமி, கார் நெடுஞ்சாலையில் ஏறியதும். "யாரையோ ஒரு கை தூரத்துல நின்னு போடப் போறான். நம்ம ஆள் ஆயுத சப்ளை. மேடம், இப்ப நிம்மதியா இருக்கா, இல்ல முன்னாடிதான் பெட்டரா?"

"சிவப்புத் தூசி" என்றாள் வதனி. "பரமட்டாவில எங்க அண்ணை சிவப்புத் தூசி?"

"என் கார் மேல இருக்கிறது சாம்பல் கலர்தான்."

"வென்ற்வேர்த்வில்லில புல்லு. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலடியில கூட சீமெந்து. சிவப்புத் தூசியெண்டா உள்நாடு. மலைக்கு அங்கால, நாள் முழுக்க ஓடிப் போற இடம்."

அதற்கு மேல் நூல் நீளவில்லை. கிருஷ்ணசாமி பேசாமல் வருவது பிரேக் பழுதான காரில் போவதுபோல் இருந்தது வதனிக்கு.

பவளராணி அவர்களைக் குசினி மேசையிலேயே உட்கார வைத்தாள். பயம் கூடினால் சாப்பாடு வைக்கிற ஆள் அவள் என்று தெரிந்தது. இறைச்சி றோல்ஸ் வந்தது. கிருஷ்ணசாமி கையைக் கூப்பினார். "சைவமோ, ஐயோ, மிக்ஸர் இருக்கு" என்று அவள் ஒரு பைக்கற்றை எடுத்து, லாச்சியை இழுத்து, பச்சைப் பிடி போட்ட சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தாள். பைக்கற்றின் மூலையை வெட்டினாள். அது வெட்டாமல் மடிந்தது. மறுபடியும் வெட்டினாள். பிளாஸ்டிக்கைச் சப்பித் துப்பியது கத்தரிக்கோல்.

"சனியன். வாங்கின நாளில இருந்து வெட்டினதே இல்லை. எறியவும் விடமாட்டார் இவர்."

பல்லால் கிழிக்கப் போனவளிடமிருந்து வதனி இரண்டையும் வாங்கினாள். அவளுக்கும் வலக்கையில் வெட்டவில்லை. அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூராகத்தான் இருந்தது. துருவும் இல்லை.

கத்தரிக்கோலை இடக்கைக்கு மாற்றினாள்.

ஒரே வெட்டு. மூலை பறந்துபோய் மேசையில் விழுந்தது.

கிருஷ்ணசாமி மிக்ஸரை மறந்துவிட்டு, "ஆமா மேடம்" என்றார். வதனி கேள்வி எதுவும் கேட்காமலே.

"அன்ரி, இது ஆற்ற கத்தரிக்கோல்?"

"எங்கட மகளின்ர. நிரஞ்சினி பள்ளிக்கூடத்தில படிக்கேக்க இவர் வாங்கினது."

"நிரஞ்சினி இடக்கையோ?"

"சீச்சீ." பவளராணிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "சின்னனில எல்லாத்தையும் இடக்கையாலதான் எடுத்தவள். நான் நாலு வயதிலேயே மாத்திப்போட்டன். இப்ப வலக்கையாலதான் எழுதுவாள், வலக்கையாலதான் சாப்பிடுவாள்."

"உங்களுக்கு முன்னால" என்றாள் வதனி.

பவளராணி மேசையில் கிடந்த பைக்கற் மூலையை எடுத்தாள். விரலில் உருட்டினாள்.

"ஆள் உங்கட உயரமோ?"

"என்னை விட ஒரு அரை இஞ்சிதான் கூட."

"என்ன வேலை அன்ரி?"

"மெல்பனில மிருக வைத்தியர். த பேசின் பக்கம், அந்த மலை அடிவாரத்தில ஒரு கிளினிக். பூனை, நாய். வடிவான இடம், பக்கத்தில பிள்ளையார் கோயில். ஒவ்வொரு மாசமும் கோயிலுக்குப் போய்ப் படம் அனுப்புவாள். இப்ப மூண்டு மாசமா அனுப்பேல்ல. கார் பழுது எண்டாள்."

"போன் எடுப்பாவோ?"

"எடுப்பாள். ஆனா லைன் விட்டு விட்டு வரும். பின்னால ஒரே கிளிச் சத்தம், கூட்டமாக் கத்தும். என்ன பிள்ளை எண்டு கேட்டா, கிளினிக்கில இப்ப கனக்கக் கிளியள் அம்மா எண்டாள்."

கிருஷ்ணசாமிக்குத் தாங்கவில்லை. "ஒரு கூட்டம் கிளிக்கு ஒரே நேரத்துல காய்ச்சல் வந்தாத்தான் உண்டுங்கம்மா."

வதனி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "அன்ரி, பயப்பிடாதையுங்கோ. உங்கட அவர் தனக்கு ஒண்டும் செய்யப்போறதில்லை. ஆருக்கும் ஒண்டும் செய்யப்போறதில்லை. அந்தத் துவக்கு நிரஞ்சினிக்கு. குட்டையான, இடக்கைக்காரிக்கு. கிட்ட நிண்டு சுட வேண்டிய ஆளுக்கு. காப்பாத்தேலாத மாட்டையும் குதிரையையும் ஊசி போட முடியாத இடத்தில மிருக வைத்தியர்மார் துவக்காலதான் முடிச்சு வைக்கிறது. அவ இப்ப மெல்பனில இல்லை. சிவப்புத் தூசி பறக்கிற ஏதோ ஊரில, வெட்டவெளிக் கிளிக் கூட்டத்துக்கு நடுவில நிக்கிறா."

"என்ர பிள்ளை பூனைக்கு ஊசி போடுறவள்" என்றாள் பவளராணி, ஒரு சொல் ஒரு சொல்லாக.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சிறீஸ்கந்தராசா குசினி வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். இரண்டு அந்நியர்களைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பச்சைப் பிடிக் கத்தரிக்கோலையும் நேராக வெட்டப்பட்ட பைக்கற்றையும் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதிரையை இழுத்து, மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உள்நாட்டில, கோபார் எண்ட ஊரில நிக்கிறாள்" என்றார். "மார்ச்சில போனவள். பூனையளுக்கு நகம் வெட்டி வெட்டி அலுத்துப்போச்சு அப்பா எண்டாள். நீ விடமாட்டாய் எண்டு பயந்தவள். அவளின்ர சந்தோசம் எனக்கும் தொத்திப்போட்டுது."

"நீங்கள் விட்டுட்டீங்கள்."

"ஓம்."

பவளராணி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மூண்டு மாசமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விசரியாக்கிப்போட்டு. நான் இஞ்சை நீங்கள் பிணமாக் கிடக்கிறதாக் கனவு கண்டுகொண்டு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த உயரமான மனிதர் குன்றிப்போனார். அவர் அப்படி ஒரு பக்கத்தை யோசித்தே பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. வதனி எழும்பப் பார்த்தாள். கிருஷ்ணசாமி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவருடைய முறை.

"ஏப்ரலில டப்போவில ட்ரெய்னிங் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். கோபாருக்குத்தான் போனனான் ராணி, அவளிட்ட" என்று தொடர்ந்தார் சிறீஸ்கந்தராசா. "ஊருக்கு வெளியில றோட்டில ஒரு மாடு. பெரிய லொறி ஒண்டு அடிச்சுப்போட்டுப் போட்டுது. முதுகு முறிஞ்சிட்டுது. எழும்பப் பாக்குது, விழுது. எழும்பப் பாக்குது, விழுது. பிள்ளை கிளினிக் துவக்கோட இறங்கினவள். அது பெரிய ஆம்பிளையளுக்கு அளவாச் செய்த நீட்டுத் துவக்கு. போல்ட் வலப்பக்கம். முதல் வெடி சரியாப் படேல்ல. ரெண்டாவதுக்கு அவள் துவக்கைத் தோளில இருந்து இறக்கி, மற்றப் பக்கம் கையை எட்டிப் போட்டு மல்லுக்கட்டுறாள். அவ்வளவு நேரமும் அந்த மாடு என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தது."

சிறீஸ்கந்தராசா மற்றக் கையால் அந்தப் பச்சைப் பிடிக் கத்தரிக்கோலைத் தன் பக்கம் இழுத்தார்.

"பிறகு காருக்குள்ள இருந்து அழுதாள். மாடு செத்ததுக்கில்லை. தான் சுணங்கினதுக்கு. அந்த ஊர்க் கடையில இடக்கைத் துவக்கு இல்லையாம். அவளுக்கு லைசென்ஸ் இருக்கு, அவள்தான் வந்து எடுக்க வேணும். நல்லதாத் தெரிஞ்செடுத்துத் தாங்கோ அப்பா எண்டாள். அதுதான் நான் படிச்சன். துவக்கெண்டா என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சிருந்தனான். நோவை நிப்பாட்டவும் ஒண்டு இருக்கெண்டு அண்டைக்குத்தான் கண்டனான்."

வதனி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் அந்த ஒரு கை தூரத்தைக் கேட்டபோது தனக்கு வந்த படமும், உண்மையில் அந்தத் தூரத்தில் நின்ற பெண்ணும் எவ்வளவு வேறு. துப்பறிகிறவளுக்கு எப்போதும் கெட்டதுதான் முதலில் தோன்றும். இன்று அது பிழையாய்ப் போனதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பவளராணி கண்ணைத் துடைத்தாள். யன்னலிலிருந்து திரும்பினாள்.

"எவ்வளவு விலைக்கெண்டு பாத்தனீங்கள்?"

"எண்ணூறுக்குள்ள."

"மலிவானதோ?"

"மலிவுதான். ஆனா..."

"என்ர ஒரே ஒரு பிள்ளைக்கு மலிவுத் துவக்கோ? பல்லுக்குக் கம்பி போடேக்க மலிவாப் பாத்தனீங்களோ?"

சிறீஸ்கந்தராசா வதனியைப் பார்த்தார், சாட்சிக்கு ஆள் தேடுகிறவர்போல். "இப்ப மலிவும் விலை கூடினதும் ஒரே மாதிரித்தான் ராணி சுடும். அவள்தான் காசு குடுக்கப்போறாள், வேலைக்குச் சேர்ந்து மூண்டு மாசம்தானே. கட்டை மட்டும்தான் வித்தியாசம். பிளாஸ்டிக்."

"பிளாஸ்டிக்கோ?" இதுதான் பொய்யைவிட அவளுக்குப் பெரிய அதிர்ச்சி என்று பட்டது. "கலியாண வயதில இருக்கிற பிள்ளைக்குப் பிளாஸ்டிக் துவக்கோ?"

"மரம் அந்த வெயிலுக்கு வளையும். சிவப்புத் தூசிக்குள்ள பிளாஸ்டிக்தான் நல்லம்."

"அம்மா, அது சட்டை மாதிரிங்க" என்று கிருஷ்ணசாமி உள்ளே புகுந்தார். அன்று பகல் கற்ற பாடத்தை நாற்பது வருட அனுபவம்போல் எடுத்து விட்டார். "விலை பாக்கக் கூடாது, மினுக்கம் பாக்கக் கூடாது. கண்ண மூடிட்டுத் தோள்ல வைக்கணும். திறந்தா பார்வை நேராப் போகணும். போச்சுன்னா அதுதான் நம்ம துப்பாக்கி."

"நீங்கள் வேட்டைக்குப் போறனீங்களோ தம்பி?"

"இல்லைங்கம்மா. நான் மிக்ஸர்."

பவளராணியின் உதடு ஓரம் ஒரு முறை துடித்தது. அவள் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து, மேசைக்கு நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். சிறீஸ்கந்தராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையால் தடுத்தாள். நெடுநேரம் அடித்தது.

"ஹாய் அம்மா."

குரலுக்குப் பின்னால் ஆயிரம் கிளிகள் கிறீச்சிட்டன. காற்றும் இரைந்தது.

"எங்கை நிக்கிறாய்?"

"கிளினிக்."

"எந்த ஊர்க் கிளினிக்?"

கிளிகள் மட்டும் பேசின. பிறகு ஒரு பெருமூச்சு. "அப்பா டோல்ட் யூ?"

"அப்பாவை விடு. நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. எந்தக் கையால எழுதுறனீ?"

லைன் அறுந்துவிட்டதோ என்று வதனி குனிந்து திரையைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"லெஃப்ட், அம்மா."

"ஊசி போடுறது?"

"லெஃப்ட்."

"சுடுறது?"

"அதுவும் லெஃப்ட்." அந்தச் சின்னக் குரல் உடையத் தொடங்கியிருந்தது. "சொறி, அம்மா."

பவளராணி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கணவரின் கை இன்னும் மேசையில் நீட்டியபடியே கிடந்தது. அவள் அதைப் பார்க்காமலே, தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதை. வாற சனிக்கிழமை நானும் அப்பாவோட கடைக்குப் போய்ப் பாக்கிறன். உனக்குப் பொருந்தினதா எடுப்பம். எல்லாத்தையும் இடக்கையாலயே செய்." குரலைச் செருமிக்கொண்டாள். "சாப்பாடு மட்டும் வலக்கையால. அடுத்த மாசம் வந்து பாப்பன்."